சுவேதகேது மறந்த வேதம்

12 வயதில் குருகுலம் போன சுவேதகேது, 24 வயதில் வேதங்கள் அனைத்தையும் ஓதி முடித்துத் தலை நிமிர்ந்து வீடு திரும்பினான். மகனின் நடையிலேயே கர்வத்தைக் கண்டுகொண்டார் தந்தை உத்தாலக ஆருணி. சாந்தோக்ய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயம் இந்த இருவருக்கும் இடையே நடக்கும் நீண்ட உரையாடல். ஆன்மாவும் பிரம்மமும் வேறல்ல என்று உரைக்கும் புகழ்பெற்ற மகாவாக்கியம் வருவது இங்கேதான். ஆனால் தந்தை அங்கே நேராகப் போய்விடவில்லை. முதலில் மகனை அடுப்படிக்கு அழைத்துப் போகிறார் என்றே சொல்ல வேண்டும்.

தயிரைக் கடைந்தால் அதன் நுண்ணிய பகுதி மேலே எழுந்து வெண்ணெயாகத் திரள்கிறது. அதுபோலத்தான் உண்ட சோறும் என்கிறார் உத்தாலகர். அதன் பருத்த பகுதி மலமாகக் கழிகிறது, நடுப்பகுதி தசையாகிறது, மிக நுண்ணிய பகுதி மேலெழுந்து மனமாகிறது. மனம் அன்னத்தால் ஆனது என்று அவர் முடிக்கும்போது, வேதம் முழுவதையும் மனத்தில் சுமந்து வந்த பிள்ளைக்கு அது எட்டவில்லை. இன்னும் விளக்குங்கள் என்கிறான்.

தந்தை விளக்கவில்லை. 15 நாள் சாப்பிடாதே, தண்ணீர் மட்டும் வேண்டிய அளவு குடி என்கிறார். மகனும் அப்படியே இருக்கிறான். கெடு முடிந்து தந்தை முன்னால் வந்து நிற்பவனிடம் ரிக்கைச் சொல், யஜுஸைச் சொல், சாமத்தைச் சொல் என்கிறார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு பதினைந்து நாள் பட்டினியில் கரைந்து போயிருந்தது. பெருநெருப்பு அணைந்து மின்மினி அளவில் ஒரே ஒரு கங்கு மிஞ்சினால், அதைக் கொண்டு பெரிதாக எதையும் எரிக்க முடியாது. உன் நிலையும் அதுதான், போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்புகிறார். உண்டு வந்தவனிடம் எதைக் கேட்டாலும் பதில் வருகிறது. அந்தக் கங்கின் மீது உலர்ந்த புல்லைப் போட்டால் மறுபடி கொழுந்துவிட்டு எரியுமல்லவா, அப்படி.

இந்து மெய்யியலில் உணவைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே நாவில் வருவது எதைத் தின்னக் கூடாது என்ற பட்டியல். அந்தப் பட்டியல்களுக்கெல்லாம் மூத்த இடத்தில் இருக்கிறது இந்தப் பரிசோதனை. இதில் விலக்கு எதுவும் இல்லை. பசித்தவனுக்கு வேதமும் இல்லை என்ற அறிதல் மட்டும் இருக்கிறது. தத்துவம் பேசும் ஒரு நூல், தத்துவம் பேசும் வாய்க்குச் சோறு முதலில் வேண்டும் என்று உத்தாலகரின் மகனையே சாட்சியாக வைத்து நிறுவிக்காட்டுகிறது.

இதற்குப் பக்கத்தில் இன்றைய உணவுப் பேச்சை வைத்துப் பார்க்கலாம். கைபேசியில் கலோரி எண்ணும் செயலி, காலையில் புரதம் எத்தனை கிராம், இரவில் மாவுச்சத்து ஏன் ஆகாது, பதினாறு மணி நேர விரதத்தின் பலன் என்ன என்று பேச்சு முழுவதும் ஓர் உடலைச் சுற்றியே நடக்கிறது. அந்த அக்கறையைத் தவறென்று சொல்ல முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் கள ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று கணக்குச் சொன்னது. வெள்ளை அரிசியைத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு மெய்யியல் பேசுவதற்கு இனி இடமில்லை. திருக்குறளில் 'மருந்து' என்று பெயர் வைத்த 95ஆம் அதிகாரத்தில் பாதிக்கு மேற்பட்ட குறள்கள் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. முன் உண்டது செரித்ததா, இப்போது உண்பது அளவா என்றே கேட்கின்றன. அளவு அறிந்து உண்பது இந்த மண்ணின் பழைய பாடம்தான்.

ஆனால் உத்தாலகர் காட்டிய கங்கு ஒரு தனி உடலோடு நின்றுவிடவில்லை. மனமே சோற்றால் ஆனதென்றால் பக்கத்து வீட்டில் பட்டினி கிடப்பவரின் மனமும் அணைந்துகொண்டிருக்கிறது. தன் தட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வியோடு, யார் தட்டில் ஒன்றும் இல்லை என்ற கேள்வியும் அப்போதே பிறந்துவிடுகிறது. இந்த இரண்டாவது கேள்வியைக் கைவிட்ட இடங்களில்தான் இந்து உணவு நெறி தடம் புரண்டது. அதை விடாமல் பிடித்துக்கொண்ட இடங்களில் அது பேரழகோடு எழுந்து நின்றது.

தடம் புரண்ட கதையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதே சாந்தோக்யத்தின் ஏழாம் அத்தியாயம், ஆகாரம் தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும் என்ற கருத்தைச் சொல்கிறது. ஆகாரம் என்றால் என்ன? ஐம்புலன்களும் உள்ளே கொண்டுவந்து சேர்ப்பது எல்லாமே ஆகாரம் என்றார் சங்கரர். கண்ணால் பார்ப்பதும் காதால் கேட்பதும்கூட அவருக்கு உணவுதான்; விருப்பும் வெறுப்பும் மயக்கமும் கலவாமல் அவற்றை ஏற்பதே தூய்மை. ராமானுஜர் வழியோ அதை வாயால் உண்ணும் உணவென்றே கொண்டு, உணவுக்கு மூன்று குற்றங்கள் வரலாம் என்றது. பொருளின் இயல்பால் வருவது ஒன்று. தூசியோ மயிரோ விழுந்து கெடுவது ஒன்று. யாரிடமிருந்து வருகிறதோ அந்த ஆளால் வருவது மற்றொன்று.

மூன்றாவதாகச் சொன்னதுதான் சமூகத்தில் வேறு உருவம் எடுத்தது. தீய மனத்தோடு கொடுக்கப்படும் சோறு உண்பவனையும் தொட்டுவிடும் என்ற நுட்பமான எண்ணம், இன்ன சாதியார் தொட்டால் தீட்டு என்ற முரட்டு வழக்கமாக இறுகியது. 1920களில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமண மாணவர்களுக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்டது. தேசிய எழுச்சியோடு தொடங்கிய பள்ளி அது. காங்கிரஸின் நிதியும் அதற்குப் போயிருந்தது. வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் எழுப்பிய கேள்வி தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது. இரண்டு பிள்ளைகளின் இலை எங்கே விரிக்கப்படுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை என்பதை அந்தத் தலைமுறை புரிந்துகொண்டது. நூறு ஆண்டுகள் கழிந்தும் நகரங்களில் வீடு வாடகைக்கு என்ற அறிவிப்புக்குக் கீழே 'சைவம் மட்டும்' என்ற வரியைப் பார்க்க முடிகிறது. அந்த வரியை எழுதியவருக்கு அது சமையல் வாசனை பற்றிய கவலையாக இருக்கலாம். வாசலில் நின்று படிப்பவருக்கு அதன் பொருள் வேறு.

உள்ளபடி பார்த்தால் கீதை எந்த உணவின் பெயரையும் சொல்லவில்லை. 17ஆம் அத்தியாயத்தில் உணவைச் சாத்துவிகம், ராஜசம், தாமசம் என்று மூன்றாகப் பிரிக்கும் சுலோகங்களில் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, இறைச்சி என்ற சொல்லும் இல்லை. இருப்பவை குணங்கள் மட்டுமே. சாறும் நெய்ப்பும் நிலைத்த ஊட்டமும் உள்ளது ஒருவருக்குப் பிடிக்கிறது. சுள்ளென்று காரமும் புளிப்பும் உப்பும் எரிச்சலும் தருவது மற்றவருக்குப் பிடிக்கிறது. சாரம் போனதும் நாறுவதும் எச்சிலும் இன்னொருவருக்குப் பிடிக்கிறது. பிரியம் என்ற சொல்தான் அங்கே அச்சாணி. உண்ணும் பொருளை விட, அதன் மேல் ஒருவருக்கு இருக்கும் பிரியம் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. பின்னால் வந்தவர்கள் இதை எடுத்துப் பட்டியலாக மாற்றி, சுவரில் மாட்டிவிட்டார்கள்.

அந்த மூன்றாம் வகையில் ஒரு சொல் தமிழ் வீடுகளை நேராகத் தொடுகிறது: இரவு கடந்த உணவு. சமைத்து ஓர் இரவு கழிந்தது தாமசம் என்றால், பழைய சோறு?

இரவு சாப்பாடு முடிந்ததும் பானையில் மிஞ்சிய சோற்றை ஒரு கிழவி கையால் உதிர்த்து, அது மூழ்கும் வரை தண்ணீர் விடுகிறாள். தட்டால் மூடி, எறும்பு ஏறாத மூலையில் வைக்கிறாள். விடிந்ததும் மூடியைத் திறந்தால் இலேசான புளித்த வாசம். பருக்கைகள் பருத்து, விரலால் தொட்டாலே நசுங்கும் பதத்தில் இருக்கின்றன. உப்புப் போட்டுப் பிசைந்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தை உரித்துக் கடித்துக்கொண்டு வயலுக்குப் போகிறவர்கள் உண்டார்கள். நீராகாரத்தைச் சொம்பில் ஊற்றி அண்ணாந்து குடித்தார்கள். இதைத் தாமசம் என்று ஒதுக்கினால் இந்த நாட்டு நெல்லை நட்டவர், களை பறித்தவர், அறுத்தவர் அத்தனை பேரையும் சேர்த்து ஒதுக்கியதாகிவிடும்.

சாத்திரமே இதில் தடுமாறியிருக்கிறது. புளித்தவற்றை விலக்கச் சொல்லும் தரும நூல்கள் தயிருக்கும் தயிரால் ஆனவற்றுக்கும் விலக்கு அளித்துவிடுகின்றன. கோயில்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. பூரி ஜகந்நாதருக்குத் தண்ணீரில் ஊறிய சோறான பக்காளம் படைக்கப்படுகிறது. அங்குள்ள ஆனந்த பஜாரில் மகாபிரசாதத்தை யாரும் யாரோடும் அமர்ந்து உண்ணலாம். அந்தச் சோற்றுக்குத் தீட்டு இல்லை. காவிரிக் கரையில் ஸ்ரீரங்கத்துப் பெருமாள் பங்குனித் திருநாளில் ஜீயபுரம் எழுந்தருளும்போது நைவேத்தியம் பழைய சாதமும் மாவடுவும். பேரனுக்காகப் பழையது வைத்துக் காத்திருந்த பாட்டியிடம் அரங்கனே பேரன் உருவில் வந்து உண்டுவிட்டுப் போனான் என்பது அந்த ஊர்க் கதை. ஆண்டுதோறும் தெய்வம் அந்தப் பாட்டி வீட்டுச் சோற்றைத் தேடிப் போகிறது. எந்த உரையாசிரியரும் எழுதாத உரையை ஓர் ஊர் எழுதியிருக்கிறது.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவும் என்று மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் ஆராய்ந்தார்கள். புளிக்கும்போது பெருகும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அவர்களின் அக்கறை. அதெல்லாம் சரியே. ஆனால் ஆய்வுக்கூடம் சொல்லுமுன்பே அந்தப் பானைக்கு ஒரு நெறி இருந்தது. மிஞ்சியதை எறிவது அங்கே நினைப்பிலேயே இல்லை.

தைத்திரீய உபநிடதத்தின் பிருகு வல்லியைப் படிப்பவர்கள் பெரும்பாலும் அதன் ஏணியை நினைவில் வைத்திருப்பார்கள். வருணனின் மகன் பிருகு பிரம்மம் எது என்று தவம் செய்து தேடுகிறான். அன்னம் பிரம்மம் என்று முதலில் கண்டடைகிறான். பிறகு பிராணன், பிறகு மனம், பிறகு விஞ்ஞானம், முடிவில் ஆனந்தம். ஏணியின் உச்சியில் ஆனந்தம் வந்துவிட்டது. நூல் அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. அடுத்த பகுதிகளில் மறுபடி கீழே இறங்கி அன்னத்திடமே வருகிறது. அன்னத்தைப் பழிக்காதே, அன்னத்தைத் தள்ளாதே, அன்னத்தைப் பெருக்கு, வீடு தேடி வந்தவரை இல்லை என்று அனுப்பாதே என்று நான்கு விரதங்களைச் சொல்கிறது. ஆனந்தத்தைக் கண்டவனுக்கும் அடுப்படி வேலை மீதி இருக்கிறது.

இந்த நான்காவது விரதத்தைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் ஒரு மழை இரவாக வரைந்திருக்கிறார். இளையான்குடி மாறனார் வறுமையில் இருக்கிறார். நள்ளிரவில் அடியார் ஒருவர் நனைந்து வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. மனைவிக்கு ஒரு யோசனை: அன்று பகலில் வயலில் விதைத்த நெல் முளைத்து மேலே மிதக்கும், அதை வாரி வரலாம். மாறனார் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, இருட்டில் காலால் தடவித் தடவி வழி கண்டு வயலுக்குப் போகிறார். விதைநெல்லை அள்ளிக்கொண்டு வருகிறார். அடுப்பெரிக்க விறகில்லை; கூரையின் வரிச்சுகளை அறுத்துப் போடுகிறார். அந்த அம்மையார் நெல்லை வறுத்துக் குத்தி உலை வைக்கிறார். குழியில் இருந்த இளங்கீரையைப் பறித்து வந்து, அந்த ஒன்றையே பலவிதக் கறியாக்குகிறார். அடுத்த விளைச்சலும் தலைக்கு மேல் இருந்த கூரையும் ஒரே வேளைச் சோற்றுக்குள் போயின.

சைவம் என்ற சொல் தமிழில் புலால் இல்லாத உணவுக்குப் பெயராகிவிட்டது. ஆனால் அதே பெரியபுராணத்தில் காளத்தி மலையின் வேடர் கண்ணப்பர், பன்றி இறைச்சியை வாயால் சுவைத்துப் பதம் பார்த்து, நல்லதை மட்டும் சிவனுக்குப் படைக்கிறார். ஆகம வழியில் பூசை செய்யும் சிவகோசரியார் அதைக் கண்டு துடிக்கிறார். இறைவன் அவர் கனவில் வந்து அந்த வேடனின் அன்பைச் சொல்கிறார். சைவம் என்று பெயர் வாங்கிய சமயத்தின் நடுநெஞ்சில் இறைச்சி படைத்தவர் வீற்றிருக்கிறார். 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள். அவர்களில் பலர் கோயிலுக்குப் போகிறவர்கள், வெள்ளிக்கிழமை மீன் வாங்காதவர்கள், புரட்டாசியில் கறிக்கடைப் பக்கம் திரும்பாதவர்கள்.

இதனால் புலால் மறுத்தல் வெறும் வழக்கம் என்று ஆகிவிடாது. உயிர் ஒன்று துடிப்பதைப் பார்த்து உள்ளம் நடுங்குவது மனிதர்க்குக் கிடைத்த பெரும் பேறு. வள்ளுவர் அதற்கு 26ஆம் அதிகாரத்தைக் கொடுத்தார். ஆனால் அவர் அந்த அதிகாரத்தை எங்கே வைத்தார் என்பதையும் பார்க்க வேண்டும். புலால் மறுத்தல் துறவறவியலில் இருக்கிறது. விருந்தோம்பல் இல்லறவியலில் இருக்கிறது. குடும்பத்தில் இருப்பவரிடம் முதலில் கேட்கப்படுவது வாசலில் நிற்பவருக்கு என்ன கொடுத்தாய் என்பது. புலாலைத் துறப்பது அந்த வழியில் இன்னும் நடந்து போய்ச் சேரும் இடம். முதல் பாடத்தில் தேறாமல் இரண்டாவதில் தேறியதாகப் பெருமை கொள்ளும்போதுதான் 'சைவம் மட்டும்' என்ற வரி வாசலில் தொங்குகிறது.

காந்தி இந்தத் தூரத்தை நடந்தே கடந்தவர். 1888இல் லண்டனுக்குக் கப்பலேறும்போது அவர் புலால் உண்ணாததற்குக் காரணம் தாய்க்குக் கொடுத்த வாக்கு மட்டுமே. லண்டனில் ஒரு சைவ உணவகத்தில் ஹென்றி சால்ட் எழுதிய சிறு நூலை வாங்கிப் படித்த பிறகுதான், மனமுவந்து அந்த உணவைத் தேர்ந்துகொண்டார். வீட்டிலிருந்து வந்த நெறி அன்றுதான் அவருடையதாயிற்று. அங்கேயும் நிற்கவில்லை. கல்கத்தாவில் மாட்டின் உறுப்பில் காற்றை ஊதி, மடியில் எஞ்சிய பாலையும் இறங்க வைக்கும் 'பூக்கா' என்ற கொடிய முறையைப் பற்றி அறிந்தார். 1912இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலையே விட்டுவிட்டார்.

1918இல் கேடா வட்டாரத்தில் சுற்றி அலைந்து வயிற்றுக்கடுப்பில் விழுந்தார். உடம்பு எலும்பும் தோலுமானது. பால் குடித்தால்தான் தேறும் என்றார் மருத்துவர். சபதம் என்றார் காந்தி. கஸ்தூர்பா பக்கத்திலேயே இருந்தார். நீங்கள் சபதம் எடுத்தது பசும்பாலையும் எருமைப்பாலையும் நினைத்துத்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கேட்டார். காந்தி குடித்தார். சத்தியாக்கிரகப் போராட்டத்தில் இறங்க வேண்டும், அதற்கு உயிர் வேண்டும் என்ற ஆசை. பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் அதை அவர் நியாயப்படுத்தவில்லை. சபதத்தின் சொல் பிழைத்தது, உயிர் போனது என்று ஒப்புக்கொண்டு, அந்த வேதனை தன்னை விட்டு நீங்கவில்லை என்றே எழுதினார். உலகம் அவரோடு சேர்த்து நினைக்கும் அந்த ஆட்டுப்பால் அவருக்குத் தீராத முள்.

சிந்தித்து வாழ்வது என்றால் இந்த முள்ளோடு வாழ்வதுதான். பூக்கா 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றமாகப் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டது. அதன் பிறகு 1970இல் வெண்மைப் புரட்சி தொடங்கி, இன்று உலகத்திலேயே அதிகப் பால் கறக்கும் நாடு இந்தியா. 2023-24இல் சுமார் 23.9 கோடி டன். லட்சக்கணக்கான சிறு குடும்பங்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, வாரச் சம்பளம் போல் கையில் காசு வர அது வழி செய்தது. அது பெரிய காரியம். அதே சமயம், ஏர் உழவும் வண்டி இழுக்கவும் டிராக்டர் வந்த பிறகு காளைக் கன்றுக்குக் கொட்டிலில் இடமில்லாமல் போயிற்று. பெண் கன்றாகவே பிறக்கும்படி, பாலினம் பிரிக்கப்பட்ட உறைவிந்துக் குச்சிகளை அரசே மானிய விலையில் கொடுக்கிறது. கன்று குடித்தது போக மீதி வீட்டுக்கு என்ற பழைய கணக்கு, கறந்தது போக மீதி கன்றுக்கு என்று திரும்பிவிட்டது. பாலைச் சாத்துவிகம் என்று புகழ்ந்த காலத்தில் அதற்குப் பக்கத்தில் கன்று நின்றிருந்தது. அபிஷேகத்துக்குக் குடம் குடமாகப் பால் போகும் ஊர்களில் அந்தக் கன்றைப் பற்றி யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும். பாலை விட்டவர்களும் விடாதவர்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி அது.

இந்த எல்லா இழைகளும் வந்து சேரும் ஓர் இடம் கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. சிதம்பரம் பக்கத்து மருதூரில் 1823இல் பிறந்த ராமலிங்கர், வள்ளலார் என்று உலகம் அழைக்கும் மனிதர், 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்து அடுப்பை மூட்டினார். நிலம் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரிசாவைச் சூறையாடிய பஞ்சம் சென்னை மாகாணத்தின் வடகோடி வரை எட்டியிருந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் அதைவிடக் கொடிய தாது வருடப் பஞ்சம் வந்தது. இரண்டு பஞ்சங்களுக்கு நடுவே மூட்டிய அந்த அடுப்பு அன்று முதல் அணையவில்லை.

திறப்பு நாளில் அவர் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கத்தின் முதல் பகுதி படிக்கப்பட்டது. அதில் அவர் எடுத்துக்கொண்ட தடை ஒன்று இன்றைக்கும் திண்ணைகளில் கேட்கிறது. ஒருவர் பசித்திருப்பது அவருடைய முன்வினை. அதைத் தீர்ப்பது கடவுள் கொடுத்த தண்டனையில் குறுக்கிடுவது ஆகாதா? வள்ளலார் சிறைச்சாலையைக் காட்டுகிறார். காலில் விலங்கு பூட்டிக் குற்றவாளியைச் சிறையில் அடைத்த அரசனே, தன் சேவகரைக் கொண்டு அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு போடச் செய்கிறான். குற்றத்துக்குத் தண்டனை உண்டு. பட்டினி அந்தத் தண்டனையில் சேர்ந்ததில்லை. கன்மக் கோட்பாட்டை மறுக்காமலே, அதன் பெயரால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கான வழியை அவர் அடைத்துவிட்டார்.

புலால் விஷயத்தில் அவர் துளியும் வளையாதவர். விதை, காய், கனி, இலை உண்பதும் உயிர்க்கொலைதானே என்று கேட்டவர்களுக்கு, அவை நகமும் மயிரும் போன்றவை, எடுப்பதால் உயிர் வருந்துவதில்லை என்று பதில் எழுதினார். கொலையும் புலாலும் விடாதவர்களைப் புறவினத்தார் என்று தனியே பிரித்தார். ஆனால் பிரித்த கையோடே, அவர்களுக்கும் பசி தீர்க்க வேண்டும் என்றார். இந்த இடத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். அவர் போட்ட கோடு கடுமையானது, சந்தேகமே இல்லை. பசி என்று ஒருவர் வந்து நிற்கும் இடத்தில் அந்தக் கோட்டைத் தாமே அழிக்கிறார். தேசம், சாதி, சமயம், நடத்தை எதையும் விசாரிக்காமல் சோறு. சேரன்மாதேவிச் சர்ச்சைக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே வடலூரில் பந்தி ஒன்றாகிவிட்டது.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 105 கோடி டன் உணவை வீணாக்கியதாகச் சொல்கிறது. அதில் பத்தில் ஆறு பங்கு வீடுகளிலிருந்து போனது. இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 55 கிலோ. அதே ஆண்டுக் கணக்கில் பசியோடு இருந்தவர்கள் 78.3 கோடிப் பேர். அன்னத்தைத் தள்ளாதே என்ற விரதத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்தால் அது பழங்கால மந்திரமாகத் தோன்றாது. கலியாண மண்டபங்களில் பந்தி முடிந்து இலையை எடுக்கும்போது கவனித்தால் போதும். தொடாத ஜாங்கிரி, ஒரு கடி கடித்த வடை, மூன்று வகைச் சோற்றில் இரண்டு வகை அப்படியே மடிக்கப்பட்டுத் தொட்டிக்குப் போகும். மிஞ்சியதை ஆதரவற்றோர் இல்லங்களுக்கு வண்டி வைத்து எடுத்துப் போகும் இளைஞர் குழுக்கள் பல ஊர்களில் உருவாகியிருப்பது ஆறுதல். இலைக்கு வந்துவிட்ட சோற்றை மட்டும் அவர்களாலும் மீட்க முடியாது.

வீட்டுக்குள்ளே இதற்கு விடை சிறிய அளவில்தான் இருக்கிறது. அரிசி களையுமுன் இன்று எத்தனை பேர் என்று ஒரு முறை கேட்பது, மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றுவது, பால்காரரிடம் கன்று எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது, எதிர்வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கண் வைப்பது. காஞ்சி மகாபெரியவர் வீடுகளில் பரப்பிய பிடி அரிசித் திட்டமும் இந்த அளவில்தான் இருந்தது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும், சேர்ந்ததும் அது பொதுவில் சமைக்கப்பட்டு ஏழைகளுக்குப் போகும். அந்தக் கைப்பிடியால் வீட்டுச் சோறு குறைந்ததாக யாரும் உணர்வதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அடுப்பு மூட்டுமுன், முகம் தெரியாத ஒருவரைச் சமைப்பவர் நினைத்தாக வேண்டியிருக்கிறது. உத்தாலகர் மகனுக்குப் பதினைந்து நாளில் கற்றுக்கொடுத்ததை, அந்தப் பானை ஒரு வீட்டுக்கு ஒரு நொடியில் நினைவூட்டிவிடுகிறது.

வடலூரில் இன்றும் மூன்று வேளையும் பந்தி நடக்கிறது. நீண்ட மண் அடுப்பின் மேல் அண்டாக்கள் வரிசையாக இருக்கின்றன. கரி படிந்த சுவரில் ஒன்றரை நூற்றாண்டுப் புகை. யாரோ ஒருவர் மூட்டை அரிசியை இறக்கிவிட்டுப் பெயர் சொல்லாமல் போகிறார், இன்னொருவர் வாழைத்தாரைத் தோளில் சுமந்து வருகிறார். உண்ண வருபவர்களில் பரதேசிகள் உண்டு, நெய்வேலிப் பக்கம் கூலி வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, தைப்பூசத்தில் ஜோதி பார்க்கக் குடும்பத்தோடு வந்தவர்களும் உண்டு. தரையில் உட்கார்ந்ததும் இலை வருகிறது. எந்த ஊர், என்ன ஆள் என்ற கேள்வி வருவதில்லை. இரவு கடைசிப் பந்தி எழுந்து, அண்டா கழுவிக் கவிழ்த்த பிறகு, அடுப்பில் வெந்து தணிந்த கங்குகளை ஒருவர் கோலால் ஒதுக்கிக் கூட்டுகிறார். அதன் மேல் ஒரு விறகைச் சாய்த்து வைத்துவிட்டு, ஊதாமல், அது தானே பற்றிக்கொள்ளும் வரை அங்கேயே குந்தியிருக்கிறார்.